இரண்டாம் சுற்றில் நீங்கள் விழுந்தது

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா. ஊரே அடங்கிவிட்டது, எனக்குத்தான் அடங்கவில்லை. வீடு முழுக்க ஒரு நாற்றம். மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்ததுபோல, மட்டமான பாலியஸ்டர் துணி புதிதில் வீசுமே, அது. உங்கள் தம்பி இன்று சாயங்காலம் காந்திபுரத்தில் இறங்கி, கவினுக்கு ஒரு பட்டாளத்து உடுப்பு வாங்கிக்கொண்டு வந்தார். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான சட்டை, பேன்ட், தொப்பி, இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. உங்கள் பேரன் அதைக் கழற்ற மாட்டேன் என்று அழுது அதோடேயே தூங்கிவிட்டான். காலர் உரசிக் கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருக்கிறது. எழுந்தெழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வருகிறேன். "அவனைக் கொசு கடிச்சா எங்க அம்மணிக்குக் காய்ச்சல் வந்துருமுங்க" என்று என் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போது அப்படிச் சிரிக்க இந்த வீட்டில் ஆளில்லை.

உங்கள் வருஷத் திதி போன மாதம்தான் முடிந்தது. தீட்டு கழியட்டும் என்றே காத்திருந்ததுபோல ஊரில் ஆரம்பித்துவிட்டார்கள். நாளை மறுநாள் நம் அம்மன் கோயில் நோம்பித் திருவிழா. கமிட்டியில் இந்த வருஷம் சின்ன மாமாதான் எல்லாம். வந்தவர் உட்காருவதற்கு முன்பே போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க அம்மணி. ரோட்டு முனையில பிளக்ஸ் வெக்கறோம். எங்கண்ணனை எப்பிடி ஜம்முனு போட்டிருக்கான் பாருங்க."

பார்த்தேன். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவிலிருந்து உங்கள் முகத்தை மட்டும் வெட்டி, நெஞ்சு புடைத்த எவனோ ஒருவனுடைய உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கையில் உங்கள் உயரத்துக்குத் துப்பாக்கி. பின்னால் நெருப்பு எரிகிறது, காலடியில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. "எதிரிகளை வேட்டையாடிய எங்கள் சிங்கமே" என்று ஒரு வரி. அதற்குக் கீழே கூலிங்கிளாஸ் போட்ட கமிட்டிக்காரர்கள் வரிசையாக, உங்களைவிடப் பெரிய முகங்களோடு. சின்ன மாமா நடுவில்.

"மாமா கையில துப்பாக்கி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"பட்டாளத்துக்காரன் கையில பின்ன கரண்டியா குடுப்பாங்க?" என்று அவர் சொன்ன ஜோக்குக்கு அவரே சிரித்தார். உங்கள் பையனும் சிரித்தார். இந்த ஆள்தானே மாமா, நான் கல்யாணமாகி வந்த முதல் நோம்பியில், பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க மாமனார் கதை தெரியுமா அம்மணி?" என்று ஆரம்பித்தவர்?

அன்றைக்கு நீங்கள் பந்திக்கு வரவில்லை. கோயில் பக்கமே வரவில்லை. தோப்பில் மோட்டார் ரூம் வாசலில் தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தீர்கள். இங்கே பந்தியில் ஆட்டுக்கறியைப் பிய்த்துக்கொண்டே அவர் கதை சொன்னார். மலையில் நடந்த அந்தச் சண்டையில் நீங்கள் மெடல் வாங்கிவிட்டு முதல் லீவில் வந்த வருஷம். ஊர் வாசலில் கொட்டு மேளத்தோடு அழைத்துவந்து, அந்த வருஷத்து முதல் மரியாதை உங்களுக்கு என்றார்களாம். நம் ஊரில் முதல் மரியாதை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மனுக்கு வெட்டுகிற முதல் கிடாயை, தலை போன கையோடு, மரியாதைக்காரரின் தோளில் போடுவார்கள். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, அதற்கு மேல் சூடான ஆடு. அதைச் சுமந்து கோயிலை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் இல்லாத பழக்கம். கேட்டபோதே என் இலையில் இருந்ததை என்னால் சாப்பிட முடியவில்லை.

"மொதச் சுத்து சிங்கமாட்டத்தான் போனாரு" என்றார் சின்ன மாமா. "ரெண்டாஞ் சுத்துல வேப்பமரத்துக்கிட்ட வந்தாரு பாருங்க, ஆட்டைத் தூக்கி அக்கட்ட எறிஞ்சுபோட்டு, மண்டி போட்டு ஒரே வாந்தி. பட்டாளத்துல போயி மெடல் வாங்குனவரு ஆட்டு ரத்தத்துக்குப் பயந்துக்கிட்டாரு!" பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவர்கூடக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "உவ்வே மிலிட்டரி" என்று ஒருவர் சொன்னார். அது உங்களுக்கு ஊர் வைத்த பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் பையன் தலை நிமிரவில்லை. உருண்டை உருண்டையாகச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பின் எச்சில் காயாமல் இருக்கும்போதே இப்போது சிங்கம் என்கிறார்கள். வாந்தி எடுத்தவரை ஊரைவிட்டே ஓட்டினார்கள். செத்தபின் அவர் முகத்தை வெட்டி எடுத்து இன்னொருவன் உடம்பில் ஒட்டுகிறார்கள். சுடுகாட்டில் உங்களை எரியவிட்டுத் திரும்பும்போதே, கை கழுவின ஈரம் காய்வதற்குள், "அண்ணனோட மெடல் எங்கிருக்குது அம்மணி, நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்று கேட்டவர் அவர். பீரோவில் இருந்து எடுத்துக் கொடுத்தது உங்கள் பையன்.

நான் இதையெல்லாம் எழுதுவது உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல அல்ல. விஷயத்துக்கு வருகிறேன். போனை உள்ளே வைத்துவிட்டு சின்ன மாமா கவினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த வருசம் மொத மரியாதை நம்மூட்டுக்குத்தான். அண்ணன் நிறுத்துன சுத்தை எம் பேரன் முடிச்சு வெக்கறான். இந்த டிரெஸ்ஸைப் போட்டு, மெடலைக் குத்தி, ஆட்டைத் தோள்ல போட்டு உடறோம். வீடியோக்காரனுக்கெல்லாம் சொல்லியாச்சு."

"ஆறு வயசுங்க மாமா அவனுக்கு" என்றேன்.

"அதுக்குத்தானுங்க சின்னக் குட்டியாப் பாத்து வெச்சிருக்கறோம். கனமே இருக்காது. நானும் ஒரு கை புடிச்சுக்கறேன்."

"பாரம் இல்லீங்க. ரத்தம்..."

"அம்மணி படிச்சவங்க, இதெல்லாம் அசிங்கமாத்தான் தெரியும். டவுன்ல கடையில வாங்கிக் கொழம்பு வெச்சா மட்டும் இனிக்குதாக்கும்?" என்றுவிட்டுக் கவினின் கன்னத்தைக் கிள்ளினார். "ஏங் கண்ணு, நீ தாத்தனாட்டப் பயந்துக்குவியா, இல்ல சிங்கமா?"

"சிங்கம்!" என்று கத்தினான் உங்கள் பேரன். அவனுக்கு என்ன தெரியும்? புதுச் சட்டையின் பித்தானை மென்றுகொண்டிருந்தான்.

அவர் போனபின் சமையலறையில் உங்கள் பையனிடம் சண்டை போட்டேன். கவினுக்குக் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். முடியாது என்றேன். குழந்தை கழுத்தில் வெட்டின ஆட்டைப் போடவா நான் பெற்றேன் என்றேன். அவர் சொன்னது இதுதான் மாமா. அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு காரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. ஆனா அவன் ரத்தத்தைப் பாத்துப் பயந்துக்குவான்னு மட்டும் சொல்லாத. நான் பள்ளிக்கூடத்துல நொழைஞ்சா பின்னால பெஞ்சுல இருந்து உவ்வேம்பானுங்க. வாத்தியாரும் சிரிப்பாரு. எங்கப்பா தோத்துப்போன எடத்துல என் பையன் ஜெயிச்சு வரட்டும். எனக்கு அது வேணும். உனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. அவர் கேட்ட அந்த ஒரு காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கள் சொல்லக்கூடாது என்றதால் விழுங்கிவிட்டு, "உங்க இஷ்டம்" என்று சொல்லிப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

நீங்கள் ஊரைவிட்டு இங்கே டவுனில் எங்களோடு வந்து இருந்த நாட்களை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பென்ஷன் வந்தது, வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பகலெல்லாம் சும்மா இருந்தால் தலைக்குள் என்னென்னவோ ஓடுகிறது என்று சொல்லி, காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் கதவு திறந்துவிடுகிற வேலைக்குப் போனீர்கள். அந்தத் தீபாவளி நெரிசலில், வயிற்றில் கவினோடு, உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினால், கடை வாசலில் நீங்கள். ஜிகினா ஓரம் போட்ட சிவப்புக் கோட்டு, தலையில் குஞ்சம் வைத்த தலைப்பாகை. அந்தக் கோட்டில், நெஞ்சுக்கு நேரே, உங்கள் மெடல்.

முதலாளி சொன்னாராம், "அசல் மெடல் வெச்சிருக்கறீங்க, குத்திக்கிட்டு வாங்க, கஸ்டமருக்கு ஒரு கெத்தா இருக்குமில்ல" என்று. வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு அம்மா, கையில் பைகளும் இடுப்பில் குழந்தையுமாக வந்தவள், உங்களோடு நின்று ஒரு செல்பி எடுத்துக்கொண்டாள். எடுத்து முடித்ததும், பிளாஸ்டிக் கவரில் சுருட்டியிருந்த குழந்தையின் அழுக்கு டயப்பரை உங்கள் கையில் கொடுத்தாள். "அங்கிள், இதைக் கொஞ்சம் எங்கியாச்சும் போட்டுருங்க." நீங்கள் வாங்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, மறுபடி கதவைத் திறந்தீர்கள்.

நான் அழுதுவிட்டேன். சாப்பாட்டுத் தூக்கை உங்கள் கையில் திணித்து, "இந்த வேலை வேண்டாமுங்க மாமா, சீ, என்ன மனுசங்க இவங்க" என்றேன். நீங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து படியில் உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டீர்கள்.

"கொழந்தை போனதுல என்னங்க அசிங்கம் இருக்குது அம்மணி? உசுரோட இருக்கறதுககிட்ட வர்ற நாத்தம் ஒரு நாத்தமா?"

"அந்த மெடலையாச்சும் கழட்டுங்க."

"அது எங்க இருந்தா என்னங்க. பீரோவுல இருந்தாலும் ஒண்ணுதான், இவரு கோட்டுல இருந்தாலும் ஒண்ணுதான்."

அந்த அலட்சியம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நீங்கள் மரத்துப்போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். கவின் பிறந்தபோது நான் டெலிவரி முடிந்து எழ முடியாமல் கிடக்க, அவன் துணிகளை நீங்களே அலசிக் காயப்போடுவீர்கள். என் அம்மாவுக்கே கூச்சம். "சம்பந்தி, உட்டுப்போட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றால், "இதென்ன பெரிய வேலைங்க" என்பீர்கள். முகம் சுளித்து உங்களை நான் பார்த்ததே இல்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. எனக்குப் பால் ஊறட்டும் என்று அம்மா ஆட்டுக்கால் சூப் வைப்பார். குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு மாடியும் படியில் இறங்கிக் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய்விடுவீர்கள். வீட்டு வாசம் போகும்வரை மேலே வரமாட்டீர்கள்.

ஒரு மத்தியானம் கவினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் கீழே வந்தேன். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் பக்கத்தில் சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தீர்கள். கேட்டுவிட்டேன். ரத்தம் பார்த்தால் பயமா மாமா என்று. இன்னொருவர் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கையில் குழந்தை இருந்ததோ என்னவோ.

"ரத்தம் என்னங்க பண்ணும். முதுகுதானுங்க அம்மணி. முதுகுல சூடா எறங்குனா அவன் நெனப்பு வந்துருது."

அவர் யார் என்று அப்புறம்தான் சொன்னீர்கள். ஆந்திராப் பக்கத்துக்காரர், உங்களோடு ஒரே கூடாரம். உங்களிடமே தமிழ் கற்றுக்கொண்டதால் பட்டாளத்தில் எல்லோரிடமும் "ங்க" போட்டுப் பேசுவாராம். மேலே பாறைச் சரிவில் அவருக்குக் காலில் குண்டு பட்டது. நடக்க முடியவில்லை. ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டு இருட்டும்வரை காத்திருக்கலாம், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்கலாம். நீங்கள் தூக்கிக்கொண்டீர்கள். மூட்டையைப் போல முதுகில் போட்டு, கையைக் கழுத்தைச் சுற்றிக் கோத்து. எதிர்ச்சரிவிலிருந்து சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் உங்கள் காதுக்குள், "ஏனுங்க டிரைவர், பஸ்ஸை ஏனுங்க இப்பிடி உருட்டறீங்க? பொள்ளாச்சி எப்பங்க வரும்?" என்றாராம். அதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தீர்கள் மாமா. நானும் சிரித்தேன்.

"வந்துரும், வந்துரும்னு சொல்லிக்கிட்டே எறங்குனேன். கொஞ்ச நேரத்துல பேச்சைக் காணோம். தூங்கறானோன்னு பாத்தேன். அப்பறம் முதுகுல ரெண்டு தட்டு தட்டுனான். வெரசாப் போன்னு சொல்றானாட்ட இருக்குதுன்னு, போறன்டா, போறன்டான்னு ஓடுனேன். கழுத்துல சூடா எறங்குது. காலுல இருந்து வர்ற ரத்தம்னுதான் நெனச்சேன். காலு ரத்தம் கழுத்துக்கு எப்பிடிங்க வரும்? அந்த ரோசனையே வரலை."

கீழே கொண்டுவந்து கிடத்தியபோது டாக்டர் அவரைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் இரண்டு குண்டு. "இது ரெண்டும் உனக்கு வந்தது" என்று டாக்டர் சொன்னாராம். தட்டியது அவர் கை அல்ல.

"காலுல பட்டவன் சாவானுங்களா அம்மணி? பாறைக்குப் பின்னாலயே உட்டுப்போட்டு வந்திருந்தா, இருட்டுனதும் நாலு பேரு போய்த் தூக்கிட்டு வந்திருப்பாங்க. பொழைச்சிருப்பான். நான் அவனை முதுகுல மறைப்பாக் கட்டிக்கிட்டுப் பொழைச்சு வந்துட்டேன். அதுக்கு மெடலு. கூட இருந்தவனைக் கைவிடாத வீரன்னு மைக்குல படிச்சாங்க. நின்னு வாங்குனேன்."

மோட்டார் நின்றுவிட்டது. அந்த அமைதியில் நீங்கள் மீதியையும் சொன்னீர்கள். நோம்பியன்று ஆட்டைத் தோளில் போட்டபோது சூடாக இறங்கியது. அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிட்டீர்கள். இரண்டாம் சுற்றில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வரும்போது, உசிர் முழுக்க அடங்காத ஆடு காலை உதறியது.

"ரெண்டு தட்டு தட்டுச்சுங்க" என்றீர்கள்.

கவினை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன், அவன் விழித்துக்கொண்டு அழுதான். அவனை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டு நீங்களே தட்டப் போனீர்கள். பிறகு தட்டாமல் வெறுமனே தடவிக்கொடுத்தீர்கள். அவன் தூங்கியதும் சொன்னீர்கள்:

"யாருகிட்டயும் சொல்லீராதீங்க அம்மணி. முக்கியமா உங்க ஊட்டுக்காரருகிட்ட. அப்பன் ரத்தத்தைப் பாத்துப் பயந்தவன்னே இருந்துட்டுப் போகட்டும். கூட்டாளியைக் கொன்னு மெடல் வாங்குனவன்னு தெரிய வேண்டாம்."

நான் தலையாட்டினேன். மெடலை எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்று கடைப் படியில் உட்கார்ந்து ஏன் சொன்னீர்கள் என்றும் அப்போதுதான் விளங்கியது.

மாமா, ஊர்க்காரர்கள்மேல் எனக்கு வருகிற அருவருப்புக்கு அளவே இல்லை. மரியாதை என்று நினைத்து அவர்கள் உங்கள் தோளில் எதைத் தூக்கிப் போட்டார்கள்! தெரியாமல் செய்தார்கள், சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு மனுசன் மண்டி போட்டு வாந்தி எடுக்கும்போது, பட்டாளத்தில் இருந்து வந்தவனாயிற்றே, என்னத்தைப் பார்த்தானோ என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்னப்பா ஆச்சு என்று கேட்க ஒரு வாய் இல்லையா அந்தக் கூட்டத்தில்? ஆட்டை மண்ணிலிருந்து எடுத்துத் தட்டிவிட்டு அடுத்த ஆள் தோளில் போட்டுச் சுற்றை முடித்தார்களாம். அன்றைக்கே கறியாக்கித் தின்றார்களாம். இப்போது அதே கூட்டம் என் பிள்ளையின் கழுத்தைக் கேட்கிறது. நான் கண்ணை மூடினால் அந்தத் திட்டுத் திட்டான சட்டையின் பின்பக்கம்தான் தெரிகிறது. ஒரு குட்டியின் கால்கள் அதன்மேல் உதறுவது தெரிகிறது. அவன் திரும்பி, யார் தட்டினார்கள் என்று என்னைத் தேடுகிறான்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூடி வைத்தது உங்கள் பையனைக் காப்பாற்றவில்லை. அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் அந்தப் பின்பெஞ்சுச் சத்தம் காதில் கேட்கிறது. உங்களுக்காக வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, அதைக் கழுவ இன்று தன் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறார். கூட்டாளியைக் கொன்றவர் என்று நீங்கள் உங்களைப் பற்றி முடிவு கட்டிக்கொண்டீர்கள். அன்றைக்கு நான் கைக்குழந்தைக்காரி, எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். இருட்டும்வரை அவர் பாறைக்குப் பின்னால் உயிரோடு இருந்திருப்பார் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? குளிரிலும் ரத்தம் போயும் தனியாகக் கிடந்து செத்திருந்தால்? தனியாகச் சாகவில்லை அவர். பொள்ளாச்சி பஸ் என்று சிரித்துக்கொண்டு, ஒருவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு போனார். இதை நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வார்த்தை கிடைப்பதற்குள் நீங்கள் ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் உங்கள் பையனை உட்கார வைத்துச் சொல்லப்போகிறேன். ஊருக்குக் கார் எடுப்பதற்கு முன்பே. ஊருக்குச் சொல்ல மாட்டேன், சின்ன மாமாவுக்குச் சொல்ல மாட்டேன். அவர்கள் இதையும் பிளக்ஸில் போட்டுவிடுவார்கள். உங்கள் பையனுக்கு மட்டும், நீங்கள் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல். அவர் கேட்ட ஒரு காரணம் இதுதான், என்னிடம் வேறு இல்லை. கேட்டபிறகும் குழந்தையைக் கொண்டுபோவேன் என்றால் நான் கவினைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். அப்படிச் செய்ய மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அழுவார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, உங்களுக்குக் கொள்ளி வைத்தபோதுகூட. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன் என்று தெரியும். இவ்வளவு வருஷம் உங்களுக்காக இதை வைத்திருந்தேன். அந்த டிரைவர் பஸ் பேச்சையும், அந்த இரண்டு தட்டையும், தூங்குகிற குழந்தையைத் தட்டாமல் தடவிய உங்கள் கையையும். கவினைத் தூங்கவைக்கும்போது இன்றைக்கும் நான் அவன் முதுகில் தட்டுவதில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது, அவனுடைய அப்பாவுக்கும் தெரியாது. நாளைக்கு அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் செய்வது தப்பு என்றால், விடிவதற்குள் எப்படியாவது எனக்குத் தெரியப்படுத்துங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள் மாமா.